எதிராளியைப் படிப்பது எப்படி? சண்டை வீடியோ விளையாட்டுகளின் மன விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சண்டை விளையாட்டுகளில் புதிதாக இறங்குபவர்களுடன் சில ஆண்டுகளாக உட்கார்ந்து ஆடிவருகிறேன். காம்போ (இடைவெளியின்றித் தொடரும் அடிகள்) எப்படிப் போடுவது என்று கேட்டால் பதில் எளிது, செய்து காட்டினால் போதும். "நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்கு எப்படி முன்பே தெரிகிறது?" என்று கேட்பவர்களிடம்தான் மாட்டிக்கொள்கிறேன். ஒரே பதிலை அரைகுறையாகப் பலமுறை சொல்வதைவிட ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. எடுத்துக்காட்டுகளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் அதிகம் வரும். எனக்கு அதுதான் கைவந்தது. மற்ற விளையாட்டுகளில் பொத்தான்கள் மாறும், மனிதர்கள் மாறுவதில்லை.

மன விளையாட்டுக்கு இங்கே என்ன வேலை? கை வேகமாக இருப்பவர்தானே வெல்வார்?

இந்த விளையாட்டுகள் ஒரு நொடியை 60 பிரேம்களாக வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி நொடி. கண்ணில் ஒன்று பட்டு விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி நொடி, அதாவது 12 முதல் 15 பிரேம் பிடிக்கும். வருவது இதுவா அதுவா என்று பிரித்தறிய வேண்டியிருந்தால் இன்னும் கூடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி 26 பிரேமுக்குப் பிறகுதான் படும். விழிப்பாக இருந்தால் அதைப் பார்த்தே திருப்பிக் கொடுக்கலாம். அதே விளையாட்டில் ஆளைப் பிடித்து எறியும் த்ரோ 5 பிரேமில், 83 மில்லி நொடியில், வந்துவிடுகிறது. அதைக் கண்டபின் துள்ளி விலகும் கை உலகில் யாருக்கும் இல்லை.

வடிவமைத்தவர்கள் இதைத் தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். பார்த்துச் சமாளிக்கக்கூடியவற்றில் கை வேகம் நிச்சயம் உதவும். பார்க்கவே முடியாதவற்றில், வருவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பார்க்க முடியாது என்றால் எல்லாம் குருட்டாம்போக்கு ஊகமா? கல், காகிதம், கத்தரி போலவா?

எலும்புக்கூடு அதேதான். அடிக்க வருபவரைத் தடுப்பு வெல்லும், தடுத்துக்கொண்டே நிற்பவரைப் பிடி வெல்லும், பிடிக்க வருபவரை அடி வெல்லும். எந்தச் சண்டை விளையாட்டை உரித்துப் பார்த்தாலும் உள்ளே இந்த அடிபிடி ஏதோ ஒரு வடிவில் இருக்கும். டெக்கனில் நின்றபடி தடுத்தால் காலை வாரும் அடி படும், குனிந்து தடுத்தால் நடு உடம்புக்கு வரும் அடி படும்.

ஆனால் கல், காகிதம், கத்தரியில் எதில் வென்றாலும் ஒரே மதிப்பு. இங்கே ஒன்றில் தோற்றால் கீறல், மற்றொன்றில் தோற்றால் பாதி உயிர்க்கோடு போய்விடும். அதனால் எதிராளிக்குச் சிலவற்றில் பயம் இருக்கும், சிலவற்றில் ஆசை இருக்கும். பயமும் ஆசையும் உள்ளவரின் ஊகம் குருட்டு ஊகமாக இருக்காது. நாம் பிடித்துத் தொங்க வேண்டியது அந்த நூலைத்தான்.

எதிராளியைப் 'படிப்பது' என்கிறார்கள். அவர் மனத்தில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதை யோமி என்பார்கள். வாசிப்பு என்று பொருள். தமிழிலும் ஆளைப் படிப்பது என்றுதானே சொல்கிறோம்? வாசிக்க வேண்டியது அவருடைய எண்ணத்தை அல்ல, பழக்க தோஷத்தை. நெருக்கடியில் மனிதர் யோசிப்பதில்லை, கை பழகியதைச் செய்கிறது.

நெருக்கடி வரும் இடங்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும்: விழுந்து எழும் கணம், மூலையில் ஒதுக்கப்பட்ட கணம், ஒரு தொடர் அடியைத் தடுத்து முடித்த கணம், கேஜ் (பெரிய 'சூப்பர்' அடிக்கான சக்தி அளவு) நிறைந்த கணம், உயிர்க்கோடு மெலிந்த கணம். ஐந்தையும் ஒரே நேரத்தில் கவனிக்கப் பார்த்தால் எதுவும் மனத்தில் நிற்காது. முதல் சுற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழும்போது என்ன செய்கிறார்? அடிக்கிறாரா, குதிக்கிறாரா, பின்வாங்குகிறாரா, சும்மா தடுத்து நிற்கிறாரா? மூன்று முறை பார்த்தாலே பெரும்பாலானவர்களின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் இவை எல்லாவற்றையும்விட மேலாக வைப்பது வேறொன்று. அடிபட்ட *அடுத்த* முறை அதே இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது. எழும்போது குதித்து அடிவாங்கினார். மறுமுறை எழும்போது மீண்டும் குதிக்கிறாரா, அல்லது மாற்றுகிறாரா? மீண்டும் குதிப்பவர் ஒரு வகை. உடனே மாற்றுபவர் இன்னொரு வகை. இரண்டு முறை பட்டபின் மாற்றுபவர் மூன்றாம் வகை. ஒருவர் என்ன செய்கிறார் என்பதைவிட எப்போது மாற்றுகிறார் என்பதுதான் அவருடைய உண்மையான கைரேகை. கீழே வரும் பல பதில்கள் இதில்தான் போய் நிற்கும்.

ஆடும்போது கவனிக்க நேரமே இல்லையே! என் கையைக் கட்டுப்படுத்தவே போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அப்படியானால் உங்களுக்கு இன்னும் மன விளையாட்டு வேண்டாம். எரிச்சலாக இருக்கலாம், ஆனால் உண்மை. காம்போவைப் போட மூளை தேவைப்படும்வரை எதிராளிக்கு மூளை மிஞ்சாது. மிக எளிய ஒரு காம்போ, மிக எளிய ஒரு எதிர் அடி, இரண்டையும் பேசிக்கொண்டே போடும் அளவுக்குப் பழகுங்கள். பெரிய காம்போவைக் கஷ்டப்பட்டுப் போடுபவரைவிடச் சிறியதைத் தூக்கத்தில் போடுபவர் அதிகம் கவனிக்கிறார்.

கண் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். புதியவர்கள் தங்கள் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமே, பொத்தானை அழுத்தியவர் நீங்கள்தானே? கண்ணை எதிராளி மேல் நகர்த்துங்கள். யோசிக்க இலவச நேரமும் கிடைக்கிறது: சூப்பர் அடியின் காட்சி ஓடும்போது, நீண்ட காம்போவில் நீங்கள் மாட்டிக்கொண்டு கை சும்மா இருக்கும்போது, சுற்றுகளுக்கு இடையே. அடிவாங்கும் நேரத்தில் வருந்துவதற்குப் பதில் "நான் எதைச் செய்து இதில் விழுந்தேன்" என்று ஒரு வரி மனத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றுமே தெரியாத புதியவரிடம் தோற்றுவிடுகிறேன். என் தந்திரம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. ஏன்?

நானும் தோற்றிருக்கிறேன். ஒருவர் எழும்போதெல்லாம் காலால் உதைத்துக்கொண்டே இருந்தார். நான் பிடிக்க வருவதுபோல் பாசாங்கு செய்து பின்வாங்கினேன். என் பிடியை அறுக்க முயன்று அவர் ஏமாறுவார், அப்போது அடிக்கலாம் என்று கணக்கு. அவருக்குப் பிடியை அறுக்கலாம் என்பதே தெரியாது. உதை மட்டும் வந்துகொண்டே இருந்தது, நானும் வாங்கிக்கொண்டே இருந்தேன். தெரியாத மொழியில் கிண்டல் செய்தால் யார் சிரிப்பார்கள்?

படிகளாக நினைத்துப் பாருங்கள். அவர் ஒன்றைச் செய்கிறார், அதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது, உங்கள் பதிலுக்கு அவரிடம் ஒரு பதில், அதற்கும் உங்களிடம் ஒன்று. அதற்கு மேல் ஏறினால் பெரும்பாலும் அவருடைய முதல் செயலே பதிலாகத் திரும்பி வந்து நிற்கும், ஆகவே ஏணி உண்மையில் ஒரு வளையம். இதில் எதிராளி நிற்கும் படிக்கு ஒரு படி மேலே நிற்பவர்தான் வெல்வார். மூன்று படி மேலே நிற்பவர் வளையத்தைச் சுற்றிவந்து அவர் காலடியிலேயே விழுவார். உதைத்துக்கொண்டே இருப்பவருக்குத் தடுத்துவிட்டுத் திருப்பி அடிப்பதே போதும். அழகாக இருக்காது. அழகுக்கு யாரும் புள்ளி தருவதில்லை.

'கண்டிஷனிங்' என்று சொல்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. அவ்வளவுதான் விஷயம். எதிராளிக்கு ஒரு சூடு வைக்கிறீர்கள், அவர் அந்த அடுப்பை விட்டு விலகி ஓடுகிறார், ஓடும் பாதையில் நீங்கள் காத்திருக்கிறீர்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஷிம்மி என்பது இதன் பாடப்புத்தக வடிவம். நெருங்கி நடந்து போய்ப் பிடித்து எறியுங்கள். இன்னொரு முறையும் எறியுங்கள். மூன்றாம் முறை அதே நடை, அதே தூரம், ஆனால் கடைசிக் கணத்தில் ஒரு எட்டு பின்னால். பிடியை அறுக்கக் கை நீட்டியவர் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கே உங்கள் பெரிய காம்போவைப் போடுங்கள். இது எடுபட இரண்டு நிபந்தனைகள். முதல் இரண்டு பிடிகள் உண்மையிலேயே விழுந்திருக்க வேண்டும், ஏனெனில் உறைக்காத சூட்டை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மூன்றாம் நடையும் முதல் இரண்டைப் போலவே தெரிய வேண்டும். பலர் பாசாங்கு செய்யும்போது மட்டும் மெதுவாக நடந்து தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

சூட்டுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் போட்டு வாங்குவது என்பார்களே, அது. உங்கள் தொடர் அடியைத் தடுத்தபின் அவர் ஒரு சிறு குத்து விட்டு உங்களைத் தள்ளிவிடுகிறார். விட்டுவிடுங்கள். மறுபடியும் அதே இடத்தில் அந்தக் குத்தை வாங்கிக்கொள்ளுங்கள். "இங்கே குத்தலாம்" என்று அவர் கை எழுதி வைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் போக்கே மாறக்கூடிய ஒரு தருணத்தில், அந்த இடைவெளியில் முன்பே புறப்பட்ட ஒரு பெரிய அடியை வையுங்கள். சில்லறையைக் கொடுத்து நோட்டை வாங்கும் வியாபாரம்.

அதிகச் சேதம் தரும் அடியைத்தானே அதிகமுறை பயன்படுத்த வேண்டும்? என் நண்பர் இல்லை என்கிறார்.

நண்பர் சொல்வதுதான் சரி. இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், எனக்குப் பிடித்த பகுதி இது.

நீங்கள் அருகே வந்துவிட்டீர்கள் என்று கொள்வோம். உங்களுக்கு இரண்டு வழி: அடி அல்லது பிடி. எதிராளிக்கும் இரண்டு வழி: தடுத்து நிற்பது, அல்லது பிடியை அறுக்கும் பொத்தானை அழுத்துவது. அவர் பிடியை அறுக்க முயலும்போது நீங்கள் அடித்தால் காம்போவோடு 30 சேதம். அவர் தடுத்து நிற்கும்போது நீங்கள் பிடித்தால் 12 சேதம். மற்ற இரண்டு சேர்க்கைகளிலும் ஒன்றுமில்லை. 30 பெரியதுதானே, அடியையே அதிகம் பயன்படுத்துவோம் என்று 7 முறையில் 5 முறை அடிக்கிறீர்கள். எதிராளி புத்திசாலியாக இருந்தால் எப்போதும் தடுத்து நிற்பார். 5 அடியும் வீண். 2 பிடியில் 24 சேதம், அவ்வளவுதான். இப்போது திருப்பிப் போடுங்கள், 5 முறை பிடி, 2 முறை அடி. அவர் எப்போதும் தடுத்தால் 5 பிடியில் 60. எப்போதும் அறுக்க முயன்றால் 2 அடியில் 60. எதைச் செய்தாலும் 60 சேதத்திலிருந்து அவர் சராசரியாகத் தப்ப முடியாது. 1928இல் ஜான் வான் நாய்மன் நிரூபித்த தேற்றத்தின் அடிப்படையும் இதுதான். ஒருவர் ஆதாயம் மற்றவர் நட்டமாக இருக்கும் இருவர் ஆட்டத்தில், எதிராளி என்ன செய்தாலும் உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் ஒரு கலவை எப்போதும் உண்டு.

ஏன் இப்படி? பெரிய அடியின் பயமே எதிராளியைத் தடுத்து நிற்க வைக்கிறது. நிற்பவரிடமிருந்து பிடி வசூல் செய்கிறது. ஓங்கிய கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் ஒன்று: 60 என்பது தரைத்தளம், கூரை அல்ல. எதிராளி எப்போதும் அறுக்கவே முயல்கிறார் என்று படித்துவிட்டால், ஏழு முறையும் அடித்து 210 வாங்கலாம். படிக்கத் தெரியாதபோது கலவையில் நில்லுங்கள். படித்துவிட்டபோது அதிலிருந்து இறங்குங்கள். இறங்கிய அந்தக் கணம் முதல் உங்களையும் படிக்க முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் நான் எந்த ஒழுங்குமின்றி ஆடிவிட்டால் என்னை யாரும் படிக்க முடியாதே?

முடிந்தால் செய்யுங்கள். மனிதரால் முடியாது என்பதுதான் சிக்கல். 1950களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹேகல்பார்கர் என்பவர், ஒருவர் இரண்டில் எதைத் தேர்வார் என்று ஊகிக்கும் இயந்திரத்தைக் கட்டினார். அதைப் பார்த்து 1953இல் கிளாட் ஷானன் இன்னும் எளிய ஒன்றைச் செய்தார். அந்த இயந்திரம் கவனித்தது மிகக் கொஞ்சம்: முந்தைய முறை வென்றாரா தோற்றாரா, அதன்பின் அதையே செய்தாரா மாற்றினாரா, அதன் பலனாக வென்றாரா தோற்றாரா. மொத்தம் 8 நிலைமைகள். ஒவ்வொன்றிலும் கடந்த இரண்டு முறை என்ன செய்தார் என்ற நினைவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் அதையே ஊகிக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லும். மனத்துக்குத் தோன்றியபடி ஆடியவர்களை இந்த எளிய பெட்டி பாதிக்கும் மேற்பட்ட முறை வென்றது.

அடிபட்ட அடுத்த முறையைப் பாருங்கள் என்று மேலே நான் சொன்னது இந்த இயந்திரத்தின் வேலையேதான். 8 நிலைமைகளை ஒரு மனிதர் நினைவில் வைக்க முடியாது, ஆனால் ஒன்றை வைக்கலாம்.

உங்கள் ஆட்டத்தில் உண்மையாகவே ஒழுங்கின்மை வேண்டுமென்றால் அதை வெளியிலிருந்து கடன் வாங்குங்கள். திரையின் மேலே 99இலிருந்து இறங்கும் கடிகாரம் இருக்கிறது. முடிவெடுக்கும் கணத்தில் அதன் கடைசி இலக்கம் 0, 1 அல்லது 2 என்றால் அடி, மற்றவற்றில் பிடி. மேலே போட்ட கணக்கின் 7க்கு 2 என்பதற்கு இது போதுமான அளவு நெருக்கம். கடிகாரத்துக்குப் பழக்க தோஷம் கிடையாது.

ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போடுகிறவரை என்ன செய்வது? இது நியாயமா?

நியாயம்தான். குனியக் குனியக் குட்டுபவனும் மூடன், குட்டக் குட்டக் குனிபவனும் மூடன் என்பார்கள். இந்த விளையாட்டில் முதல் பாதி பொருந்தாது, இரண்டாம் பாதி முழுதும் பொருந்தும். அந்த அடிக்கு விலை வைக்கும்வரை அவர் மாற்ற வேண்டிய அவசியமில்லை. பயிற்சி அறையில் அந்த அடியைப் பதிவு செய்து ஓடவிட்டு, அதைத் தடுத்தபின் உங்களுடைய எந்த அடி முந்துகிறது என்று பத்து நிமிடம் தேடுங்கள். இது மன விளையாட்டே அல்ல, வீட்டுப் பாடம்.

முதல் ஆட்டத்தில் சுலபமாக வெல்கிறேன், அடுத்த இரண்டிலும் தோற்கிறேன். என்ன நடக்கிறது?

அவர் கற்றுக்கொண்டார், நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை. மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற ஆட்ட முறையில் இதைவிடப் பொதுவான தோல்வி இல்லை. வெற்றி தந்ததை விட மனம் வராது. முதல் ஆட்டத்தில் பலித்ததையே இரண்டாவதில் செய்கிறோம், அதுவோ அவர் இப்போதுதான் பாடம் படித்துவிட்டு வந்த பகுதி.

எப்போது மாற்றுவது? என் அளவுகோல் இது: ஒருமுறை தடுக்கப்பட்டால் மாற்ற வேண்டாம், அது தற்செயலாக இருக்கலாம். ஒரே செயலுக்கு *தண்டனை* கிடைத்தால், அதாவது தடுத்ததோடு நிற்காமல் அதற்கென்றே தயாராக இருந்த பதில் வந்தால், உடனே விட்டுவிடுங்கள். அவருடைய ஆட்டத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தால் அது உங்களுக்காகவே முளைத்தது. சிலர் பாதித் தந்திரத்தை இரண்டாம் ஆட்டத்துக்கென ஒளித்து வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒளித்து வைத்ததோடு வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சில நேரம் மாற்ற வேண்டியது தந்திரத்தை அல்ல, ஓட்டத்தை. சண்டை விளையாட்டுகளின் பெரிய போட்டியான எவோவில், 2018இல் டிராகன் பால் ஃபைட்டர் இசட் இறுதிப் போட்டிக்குச் சோனிக்ஃபாக்ஸ் என்ற ஆட்டக்காரர் தோல்வியே இல்லாமல் வந்திருந்தார். தோற்றவர்கள் வரிசையிலிருந்து (ஒருமுறை தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தரும் வரிசை) வந்த கோ1 முதல் தொகுதியை வென்று கணக்கைச் சமன் செய்துவிட்டார். சோனிக்ஃபாக்ஸ் இருக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். எழுந்து, கம்பிகளைப் பிடுங்கி, இடம் மாறி உட்கார்ந்தபின் நடந்த தொகுதியை வென்று பட்டத்தையும் எடுத்தார். அது சரியா என்று அன்று நிறையப் பேர் சண்டை போட்டார்கள். விதி அனுமதித்தது. சூடுபிடித்திருந்த எதிராளிக்கு ஓர் இடைவெளி விழுந்தது. நாம் இருக்கை மாற்றத் தேவையில்லை. அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்தும் முன் இரண்டு மூச்சு விட்டாலும் போதும்.

2004இல் டைகோ தடுத்த அந்தப் பிரபலமான ஆட்டம்: அது கை வேகமா, படித்ததா?

காணாதவர்களுக்காக: எவோ 2004, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக். தோற்றவர்கள் வரிசையின் இறுதி ஆட்டம். டைகோ உமேஹாரா கென் பாத்திரத்தில், ஜஸ்டின் வாங் சுன்-லீ பாத்திரத்தில். டைகோவின் உயிர்க்கோட்டில் ஒரு நூலிழைதான் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலும் சூப்பர் அடி சிறிது உயிரைக் கொறிக்கும், அந்தக் கொறிப்பே அவரை முடித்துவிடும். தப்ப ஒரே வழி பாரி (முல்லைக்குத் தேர் கொடுத்தவர் அல்ல): அடி படும் கணத்தில் எதிராளியை நோக்கி ஜாய்ஸ்டிக்கைத் தட்டுவது. சுன்-லீயின் சூப்பரில் 15 அடிகள். டைகோ 15ஐயும் தட்டினார், கடைசியைக் காற்றில் எழும்பித் தட்டினார், இறங்கி வந்து காம்போ போட்டு ஆட்டத்தை முடித்தார்.

இரண்டாம் அடியிலிருந்து பதினைந்தாம் அடி வரை பயிற்சி. அந்தத் தாளம் எப்போதும் ஒன்றுதான், பழகிய கை பழகியதைச் செய்யும். முதல் அடிதான் படிப்பு. சூப்பர் தொடங்கியதைக் கண்டபின் யோசிக்க அங்கே நேரமில்லை, கை முன்பே தயாராக இருந்தாக வேண்டும். டைகோவுக்குத் தெரிந்திருந்தவை என்னென்ன என்று பாருங்கள்: எதிராளியிடம் சூப்பர் கேஜ் இருக்கிறது, அது தடுத்தாலும் கொல்லும் அடி, அதைக் கொண்டு முடிக்கும் ஆசை அவருக்கு இருக்கும். பயமும் ஆசையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது ஆளைப் படிப்பது எளிதாகிறது. ஆனால் இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பாரி செய்யக் கிளம்பியவர்கள் ஏராளம். டைகோ அந்தப் போட்டியின் இறுதியில் கென்ஜி ஒபாடாவிடம் தோற்றார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

எதிராளியின் பழைய ஆட்டங்களை முன்பே பார்த்துவிட்டு வருவது ஏமாற்று வேலையா? பயன் உண்டா?

ஏமாற்று அல்ல. பயன் உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019 பிப்ரவரியில் எவோ ஜப்பானில் டெக்கன் 7 பட்டத்தை வென்றபோது, அவரை எதிர்த்தவர்கள் பலர் அவருடைய ஆட்டத்தை முன்பு பார்த்ததில்லை. அறியாத ஆள் என்ற சாதகம் அவருக்கு இருந்தது உண்மை. அதன்பின் எல்லோரும் அவர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த எவோவின் இறுதியில், கொரியாவின் அனுபவசாலியான 'நீ' (Knee) என்ற ஆட்டக்காரரை அவர் வென்றார். காணொளி பழக்கத்தைக் காட்டும். ஒருவர் எப்போது மாற்றுவார் என்பதை நேரில் மோதித்தான் அறிய முடியும். பார்ப்பதானால் முழு ஆட்டத்தையும் பார்க்காதீர்கள். அவர் தோற்ற சுற்றுகளை மட்டும் பாருங்கள், நெருக்கடி அங்கேதான் இருக்கிறது.

இணையத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஓடிப்போகிறார்கள். இவர்களை எப்படிப் படிப்பது?

தனி ஆளைப் படிக்க முடியாது, கூட்டத்தைப் படியுங்கள். உங்கள் தரவரிசையில் உள்ளவர்கள் எழும்போது பொதுவாக என்ன செய்கிறார்கள் என்று இருபது ஆட்டங்கள் எண்ணிக்கொண்டு வாருங்கள். கீழ்த் தரவரிசைகளில் விழுந்து எழுபவர் பொத்தானை அழுத்துவார் என்று பந்தயம் கட்டினால் பெரும்பாலும் நட்டம் வராது. இணைப்பு மோசமாக இருந்தால், நேரில் பார்த்துச் சமாளிக்கும் பல அடிகள் இங்கே பார்க்க முடியாதவையாக மாறிவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். டோனி கேனனின் ஜிஜிபிஓ என்ற மென்பொருள் வழியே பரவிய ரோல்பேக் முறை (எதிராளியின் செயலை ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, தவறினால் பின்சென்று திருத்துவது) இதைப் பெருமளவு தணித்திருக்கிறது, ஒழித்துவிடவில்லை.

அவர் என்னை முழுதாகப் படித்துவிட்டார் என்று ஆட்டத்தின் நடுவிலேயே தெரிகிறது. அப்போது என்ன செய்வது?

முழுதாகப் படித்திருக்க மாட்டார். ஒரே ஒரு இடத்தில் படித்திருப்பார், அடி பலமாக இருந்ததால் எல்லாமே போய்விட்டதுபோல் தோன்றும். எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள். பத்தில் எட்டுமுறை அது நீங்கள் எழும் கணமாகவே இருக்கும். அந்த இடத்தில் சிறிது நேரம் எதுவும் செய்யாதீர்கள், தடுத்து மட்டும் நில்லுங்கள். பிடி விழும். விழட்டும். மேலே போட்ட கணக்கில் பிடிக்கு 12, காம்போவுக்கு 30. இரண்டு பிடியை வாங்கிக்கொண்டாலும் ஒரு காம்போவைவிட மலிவு.

அந்த மலிவான நேரத்தில் யோசியுங்கள். அவர் உங்கள் பழக்கத்தை நம்பிவிட்டார், அதற்கென்றே ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிறார். அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது உங்களுக்கு ஆட்டத்திலேயே முதல்முறையாக உறுதியாகத் தெரிந்திருக்கிறது! நீங்கள் எழும்போது குதிப்பீர்கள் என்று மேல்நோக்கி அடிக்கக் காத்திருப்பவரிடம் குதிக்காமல் இருங்கள். அந்த அடி காற்றில் போகும், கீழே அவர் திறந்து கிடப்பார். இது ஒருமுறைதான் பலிக்கும். ஆட்டத்தின் கடைசிச் சுற்று வரை பொறுத்திருக்க முடிந்தால் பொறுத்திருங்கள்.

ஊகிக்காமலே இரண்டையும் சமாளிக்கும் வழி உண்டாமே?

உண்டு, ஆப்ஷன் செலக்ட் என்பார்கள். ஒரே கை அசைவு, எதிராளி செய்வதைப் பொறுத்து இரண்டு விதமாக வெளிவரும். எளிய எடுத்துக்காட்டு: சற்று நேரம் தடுத்திருந்துவிட்டுத் தாமதமாகப் பிடியை அறுக்கும் பொத்தானைத் தட்டுவது. உடனே அடி வந்தால் தடுப்பாகும், பிடி வந்தால் அறுப்பாகும். கேட்க மாயம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதைக் கொல்லும் மூன்றாவது ஒன்று எங்கேயோ இருக்கிறது, இதற்கு அது முன்பு சொன்ன ஷிம்மியேதான். ஊகத்தை நீங்கள் ஒழிக்கவில்லை, ஒரு மாடி மேலே ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

கேலி செய்வது, வேண்டுமென்றே சீண்டுவது: இதுவும் மன விளையாட்டுதானே?

விளையாட்டுக்குள் இருக்கும் கேலி அசைவு போகட்டும். கோபப்படுபவரிடம் அது வேலை செய்யும், மற்றவரிடம் உங்களுக்கு ஒரு நொடி வீண். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சீண்டுபவருடன் நான் இரண்டாம் முறை ஆடுவதில்லை.

கணினியோடு ஆடிப் பழகினால் இதெல்லாம் வருமா?

வழக்கமான கணினி எதிராளிக்குப் பயமும் ஆசையும் இல்லை, அதனால் படிக்க அங்கே ஒன்றுமில்லை. அதன் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு மனிதரிடம் போனால் கெடுதல்தான். பயிற்சி அறை வேறு. அதில் இரண்டு மூன்று செயல்களைப் பதிவு செய்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓடவிடும் வசதி இப்போதைய பெரும்பாலான விளையாட்டுகளில் இருக்கிறது. எழும்போது ஒன்றில் அடி, ஒன்றில் தடுப்பு, ஒன்றில் குதிப்பு என்று பதிவு செய்துகொள்ளுங்கள். வெல்லப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றும் வந்தபின் "குதித்தார்", "தடுத்தார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் நாள் கை அடிக்கும், வாய் மறந்துவிடும். ஒரு வாரம் செய்தபின் மனிதரிடம் போய், சுற்று முடிந்ததும் அவர் கடைசியாக எழுந்தபோது என்ன செய்தார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் மேலே உள்ள இரண்டாம், மூன்றாம் கேள்விகளிலிருந்து மீண்டும் படியுங்கள். வராவிட்டால் இன்னொரு வாரம்.